பெயர் தெரியாத ஆட்டக்காரரின் கார்டை வைத்து ஒரு செட்டை எடைபோடுவது

மேசை விளக்குக்குக் கீழே இரண்டு ஐஸ் ஹாக்கி கார்டுகள் கிடக்கின்றன, ஆட்டக்காரர் படம் போட்டு பேக்கில் விற்ற சேகரிப்புக் கார்டுகள். இரண்டும் 1979-80 சீசன், இரண்டுக்கும் அதே நீல பார்டர், அதே அமைப்பு. ஒன்று அமெரிக்காவில் டாப்ஸ் அச்சிட்டது, இன்னொன்று கனடாவில் ஓ-பீ-சீ அச்சிட்டது. படத்தில் இருப்பவர் ஹாக்கியின் பெரிய நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி இல்லை. சில சீசன்கள் ஆடிவிட்டு ஒதுங்கிய ஒரு தடுப்பாட்டக்காரர், இன்று அவர் பெயரைச் சொன்னால் தீவிர ரசிகர்கள்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆனால் இந்த இரண்டு செட்டுக்கும் (ஒரு நிறுவனம் ஒரு சீசனுக்கு எண் போட்டு வெளியிடும் முழுக் கார்டு வரிசைதான் செட்) என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நான் கிரெட்ஸ்கியை எடுத்துக் காட்ட மாட்டேன், இவரைத்தான் காட்டுவேன்.

ஏனென்றால் செட்டுகளை ஒப்பிடுகிறோம் என்று சொல்லி எல்லோரும் நேராகப் போய் நிற்பது செட்டின் விலை உயர்ந்த கார்டில். பேஸ்பாலில் 1952 டாப்ஸ் என்றால் மிக்கி மேன்டில், 1989 அப்பர் டெக் என்றால் கென் கிரிஃபி ஜூனியர், கூடைப்பந்தில் 1986 ஃபிளீர் என்றால் மைக்கேல் ஜோர்டன். அது ஒரு கார்டைப் பற்றிய பேச்சு, அவ்வளவுதான். செட்டைச் சேர்க்க உட்கார்ந்தவர் வருடக்கணக்கில் கையில் எடுக்கப்போவது மற்ற கார்டுகளை, அதாவது நாம் காமன்ஸ் என்று சொல்லும் சாதாரணக் கார்டுகளை. அந்தச் சாதாரணக் கார்டு எப்படி அச்சாகியிருக்கிறது, பின்பக்கத்தில் படிக்க என்ன இருக்கிறது, தேடினால் கிடைக்குமா என்பதுதான் எனக்கு செட்டின் தரம்.

சரி, அந்த இரண்டு கார்டுக்கு வருகிறேன். டாப்ஸ் செட்டில் 264 கார்டு. ஓ-பீ-சீயில் 396. கிரெட்ஸ்கி இரண்டிலும் 18ஆம் எண். கனடாவில் வாங்கிய பையன்களுக்குக் கூடுதலாக 132 கார்டு கிடைத்தது, நட்சத்திரங்கள் அல்லாத பலரும் அதில் இடம்பிடித்தார்கள். கார்டைத் திருப்பினால் ஓ-பீ-சீயில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கும், டாப்ஸில் ஆங்கிலம் மட்டும். அப்புறம் ஓரம். ஓ-பீ-சீ தன் அச்சுத்தாள்களைக் கம்பியால் அறுத்ததால் பல கார்டுகளின் ஓரம் நார் நாராகப் பிசிறு தட்டியிருக்கும். முதல் தடவை பார்க்கிறவர் சேதமான கார்டு என்று ஒதுக்கிவிடுவார். அது சேதம் இல்லை, தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்ததே அப்படித்தான். சொல்லப்போனால் அந்தக் காலத்து ஓ-பீ-சீ கார்டில் நாலு ஓரமும் சவரம் செய்ததுபோல வழவழவென்று இருந்தால்தான் நான் அளவுகோலை எடுப்பேன்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒரு விற்பனையாளரிடம் அந்த வருடத்து ஓ-பீ-சீ கார்டுகளை மொத்தமாக வாங்கினேன், படங்களில் ஓரங்கள் அவ்வளவு அழகாக இருந்தன. வந்தபின் பைண்டர் பையில் செருகும்போது மூன்று கார்டுகள் மட்டும் லேசாக ஆடின. அளந்து பார்த்தால் இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் இருக்க வேண்டியது மயிரிழை குறைவு. தேய்ந்த ஓரத்தை யாரோ வெட்டி நேராக்கியிருக்கிறார்கள். கேட்டதற்கு பதிலே வரவில்லை. அந்த மூன்றும் இன்னும் என்னிடம் தனி உறையில் இருக்கின்றன, சந்தேகம் வந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட உதவுகின்றன. வெட்டுவது சின்னக் கார்டுகளோடு நிற்கிற பழக்கமும் இல்லை. கார்டுகளுக்குத் தரம் பார்த்து பத்துக்கு மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ நிறுவனம் 1991இல் முதன்முதலாகத் தரம் பார்த்த கார்டு டி206 என்ற பழைய பேஸ்பால் செட்டின் ஹோனஸ் வாக்னர், உலகத்திலேயே பெயர்பெற்ற கார்டு. அதன் ஓரத்தைத் தானே வெட்டியதாக அதை விற்றவர் 2013இல் ஒப்புக்கொண்டார்.

264, 396 என்ற எண்களை இன்னொரு முறை பாருங்கள். இரண்டும் 132இன் மடங்குகள். அந்தக் காலத்தில் பெரிய அச்சுத்தாள் ஒன்றில் 132 கார்டுகள் அடங்கும், அதனால் செட்டின் அளவைத் தீர்மானித்ததில் தாளுக்கும் பங்கு உண்டு. 660 கார்டு உள்ள எழுபதுகளின் டாப்ஸ் பேஸ்பால் செட்டுகள் ஐந்து தாள், 1982 முதல் வந்த 792 கார்டு செட்டுகள் ஆறு தாள். இடையில் 1978 முதல் 1981 வரை டாப்ஸ் 726 கார்டு போட்டது. அது ஆறு தாளுக்கு 66 குறைவு. ஆகவே 66 கார்டுகளை மட்டும் இரண்டு தடவை அச்சிட்டு இடத்தை நிரப்பினார்கள். எந்தக் கார்டு ஏன் எல்லாப் பெட்டியிலும் மாட்டுகிறது, எது மட்டும் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது என்பதற்கு இதுதான் ஒரு காரணம். ஒரு பழைய செட்டை ஆரம்பிக்கும் முன் நான் முதலில் தேடுவது செக்லிஸ்ட்டை, அதாவது கார்டுப் பட்டியலை அல்ல, வெட்டாத அச்சுத்தாளின் படத்தை. எந்தக் கார்டு தாளின் மூலையில் இருந்தது என்று தெரிந்தால் அதற்கு ஏன் மூலை மழுங்கியிருக்கிறது, ஏன் படம் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது என்பதெல்லாம் புரிய ஆரம்பிக்கும்.

1952 டாப்ஸையும் இப்படிப் பார்த்தால்தான் சுவை. 407 கார்டு. அதன் மேன்டில் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். எண் 311. அந்தக் கடைசித் தொகுதி 311இலிருந்து 407 வரை, மொத்தம் 97 கார்டு. அப்போதைய தாளில் இடம் 100. மிச்சம் மூன்று இடத்தில் என்ன போட்டார்கள்? 311, 312, 313 மூன்றையும் இரண்டாம் தடவை போட்டார்கள். 311 மேன்டில், 312 ஜாக்கி ராபின்சன், 313 பாபி தாம்சன். அதாவது அந்தத் தொகுதியில் அதிகமாக அச்சானவைகளில் ஒன்று மேன்டில். அதே தாளில் பக்கத்தில் இருந்த சாதாரண ஆட்டக்காரர்கள் ஒரு தடவை மட்டும் அச்சானார்கள். சீசன் முடியும் நேரத்தில் வந்ததால் அந்தத் தொகுதி விற்காமல் கிடங்கில் தேங்கியது. 1960 வாக்கில் அந்த மிச்சப் பெட்டிகளைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள். செட்டை முடிக்க நினைப்பவர்களை வாட்டுவது மேன்டில் மட்டும் இல்லை, அந்தத் தொகுதியின் பெயர் தெரியாத தொண்ணூற்றுச் சொச்சம் பேரும்தான்.

அதே செட்டில் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. நல்ல ஆட்டக்காரர், ஆனால் மேன்டில் வரிசை இல்லை. பையன்கள் கார்டுகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவார்கள், மேலே இருப்பது எப்போதும் பாஃப்கோ. ரப்பர் பேண்ட் அவர்மேல்தான் அழுந்தியது, சட்டைப்பையிலும் மேசை விளிம்பிலும் அவர்தான் உரசினார். அதனால் மடிப்பில்லாத ஒரு பாஃப்கோ கிடைப்பது அபூர்வம், விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகவும் பிடித்த கார்டு எது என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன். எழுபது வருடத்துக்கு முன் ஒரு பையன் தன் கார்டுகளை எப்படி வைத்திருந்தான் என்பது அதன் மேலேயே பதிந்திருக்கிறது.

அதற்கு அடுத்த வருடம், 1953, இரண்டு செட்டுகளை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க மிகச் சிறந்த வருடம். டாப்ஸ் ஓவியங்களோடு வந்தது. போட்டி நிறுவனமான பௌமன் நிஜமான வண்ணப் புகைப்படங்களோடு வந்தது, 160 கார்டு, முன்பக்கத்தில் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை, படம் மட்டும். டாப்ஸ் கார்டு எண்கள் 280 வரை போகும், ஆனால் கார்டு 274தான். ஆறு எண்கள் வெளிவரவே இல்லை. ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் போடுவதில் இரண்டு நிறுவனமும் அப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன, கடைசியில் 1956இல் டாப்ஸ் பௌமனை வாங்கியே விட்டது. ஓவியமா புகைப்படமா என்று கேட்டால் நான் பௌமன் பக்கம். காரணம் அதே சாதாரணக் கார்டுதான்: டாப்ஸ் ஓவியர்கள் பெரிய ஆட்டக்காரர்களை உயிரோடு தீட்டினார்கள், ஆனால் சில மாற்று ஆட்டக்காரர்களின் முகம் அவசரத்தில் வரைந்ததுபோல இருக்கும். பௌமனில் கேமரா யாரையும் பார்த்து வேலையைக் குறைக்கவில்லை. யாரென்றே தெரியாத ஒரு பந்துவீச்சாளரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவ்வளவு அழகாக நிற்கிறார்.

எண் விடுபடுவது என்றதும் 1933இல் கௌடி கம்பெனி போட்ட பேஸ்பால் செட்டைச் சொல்லாமல் போக முடியாது. 240 கார்டு, பேப் ரூத் மட்டும் நாலு கார்டில் வருகிறார், ஆனால் 106ஆம் எண்ணே கிடையாது. கார்டோடு வரும் பபிள்கம் மிட்டாயை வாங்கி வாங்கித் தேடிய பிள்ளைகள் கம்பெனிக்குக் கடிதம் எழுத, 1934இல் அந்த எண்ணில் நாப் லாஜோய் கார்டு ஒன்றை அச்சிட்டு, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அதனால் பேப்பர் கிளிப் தடம் இருக்கும் லாஜோய் கார்டுகள் உண்டு, கடிதத்தோடு குத்தி அனுப்பியதன் அடையாளம்.

இனி 1986-87 ஃபிளீர் கூடைப்பந்து. 132 கார்டு, ஒரே தாள். இதைவிடக் கச்சிதமான செட்டை நான் பார்த்ததில்லை. எண்கள் எல்லாம் அகரவரிசையில் போகின்றன: கரீம் அப்துல்-ஜப்பார் 1, ஜேம்ஸ் வொர்தி 131, கடைசி 132 செக்லிஸ்ட். ஜோர்டன் 57. 1981-82க்குப் பிறகு டாப்ஸ் கூடைப்பந்தை விட்டுவிட்டதால் பேக்கில் வருகிற கார்டு நாலு வருடம் இல்லவே இல்லை. இடையில் ஸ்டார் என்ற சிறிய நிறுவனம் செட்டுகளைப் பையில் போட்டு விற்றது, அவ்வளவுதான். ஆகவே அந்த நாலு வருடத்தில் வந்த புதியவர்கள் எல்லோரும் ஒரே செட்டில் வந்து குவிந்தார்கள்: ஜோர்டன், பார்க்லி, ஒலாஜுவான், யூயிங், கார்ல் மலோன், டிரெக்ஸ்லர். சேர்ந்தாற்போல இவ்வளவு பெரிய பெயர்கள் வேறு எந்தச் சின்ன செட்டிலும் இல்லை என்று நினைக்கிறேன். குறை என்றால் சென்டரிங், அதாவது படம் கார்டின் நடுவில் அமைவது. சிவப்பு, வெள்ளை, நீலக் கோடுகள் ஓரம்வரை போவதால் வெட்டு ஒரு நூல் தள்ளினாலும் கண்ணை உறுத்தும். ஓரத்தில் வண்ணம் உதிர்ந்தாலும் உடனே வெள்ளையாகத் தெரியும். 2021 ஜனவரியில் பத்துக்குப் பத்து வாங்கிய ஜோர்டன் கார்டு 7,38,000 டாலருக்குப் போனது. அது நமக்கு எட்டாது, சரி. ஆனால் ஜோர்டன் இல்லாமல் 131 கார்டைச் சேர்ப்பது சாதாரண ஆளாலும் முடிகிற காரியம், அதைச் செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு இடம் காலியாக இருந்தால் செட் செட்டே இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எண்பதுகளின் கடைசி வருடங்களைப் பலர் குப்பை என்று ஒதுக்குகிறார்கள், கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அளவுக்கு மீறி அச்சிட்டார்கள், அதனால் பணமாக மதிப்பு இல்லை, உண்மைதான். ஆனால் முதன்முதலாக ஒரு செட்டை ஆரம்பிக்க நினைப்பவருக்கு நான் சொல்வது 1987 டாப்ஸ்தான். மரப்பலகை போன்ற பார்டர், 792 கார்டு, ஒவ்வொன்றாகப் பேக்கிலிருந்து பிரித்துச் சேர்த்தாலும் கட்டுப்படியாகும். ஒன்பது பை உள்ள பைண்டர் தாளில் போட்டால் சரியாக 88 தாள், ஒரு பைகூட மிச்சமில்லை. பேக்கைப் பிரிக்கும்போது மட்டும் கவனம், உள்ளே இருக்கும் பழைய மிட்டாய் ஒட்டிய கார்டில் கறை இருக்கும், மெழுகுக் காகிதம் பட்ட கார்டிலும் இருக்கும். முன்பக்க மெழுகை மெல்லிய நைலான் துணியால் பொறுமையாகத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும், மிட்டாய்க் கறை போகாது.

1989 அப்பர் டெக் வேறு சாதி. கெட்டியான வெள்ளை அட்டை, பளபளப்பான இரண்டு பக்கமும், பின்னாலும் வண்ணப் படம், போலி செய்ய முடியாதபடி ஒரு ஹோலோகிராம், மெழுகுக் காகிதத்துக்குப் பதில் ஃபாயில் பேக். முதலில் 700, பிறகு 100 சேர்த்து 800 கார்டு. முதல் எண்ணையே இருபது வயதுகூட ஆகாத, பெரிய லீகில் இன்னும் ஆடாத கிரிஃபிக்குக் கொடுத்தார்கள். அதே வருடம் டாப்ஸின் அடிப்படை செட்டில் கிரிஃபி இல்லவே இல்லை, பின்னால் வந்த டிரேடட் என்ற கூடுதல் செட்டில்தான் வந்தார். கிரிஃபி தலையில் இருக்கும் தொப்பியும் நிஜத்தில் சியாட்டில் தொப்பி இல்லை, அவர் அப்போது ஆடிய சிறிய லீக் அணியின் தொப்பியை அச்சுக்கு முன் திருத்தி வண்ணம் மாற்றினார்கள். ஆனால் கிரிஃபியை ஓரமாக வைத்துவிட்டு அந்த செட்டில் ஏதாவது ஒரு மாற்று ஆட்டக்காரரின் கார்டை எடுத்து 1989 டாப்ஸில் இருக்கும் அவருடைய கார்டோடு வைத்துப் பாருங்கள். ஒன்றில் பழுப்பு அட்டையில் புள்ளிபுள்ளியான படம். இன்னொன்றில் பந்தின் தையல்வரை தெரிகிறது. அந்த வருடத்துக்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் நல்ல அட்டைக்கு மாற வேண்டியதாயிற்று.

ஆனாலும் பின்பக்கத்தைப் படிக்க நான் எடுப்பது டாப்ஸைத்தான். அப்பர் டெக் பின்னால் படம் போட்டதால் புள்ளிவிவரத்துக்கு இடம் சுருங்கிவிட்டது, கடைசிச் சில வருடங்கள் மட்டும். டாப்ஸில் அந்த மனிதர் எந்த ஊர், எந்த அணி, எந்த வருடம் என்று ஆடிய வருடங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். ஏழெட்டு வருடம் சின்ன அணிகளில் அலைந்து கடைசியில் ஒரு சீசன் மேலே வந்த ஒருவரின் கார்டைத் திருப்பினால் அவர் வாழ்க்கையே பொடி எழுத்தில் ஓடும்.

இப்போது வருகிற செட்டுகளில் எனக்கு மனம் ஒட்டுவது குறைவு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1993இல் டாப்ஸ் தன் ஃபைனஸ்ட் செட்டில் ரிஃப்ராக்டரைக் கொண்டுவந்தது, 199 கார்டுக்கும் வானவில்போல மின்னுகிற ஒரு மாற்று வடிவம். அன்றைக்கு அது அற்புதம். அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று குரோம், பிரிஸம் என்ற செட்டுகளில் நிறம் நிறமாக வருகிற பேரலல்கள் என்னும் மாற்று வடிவங்கள். ஒரே படம், பச்சையில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று, தங்கத்தில் ஒன்று, கடைசியில் உலகத்திலேயே ஒன்றே ஒன்று. பெட்டியைப் பிரிப்பவர் நிறத்தைத் தேடுகிறார், அடிப்படைக் கார்டுகள் மேசையிலேயே கிடக்கின்றன. பானினி நிறுவனத்தின் பேஸ்பால் கார்டுகளில் இன்னொரு குறை: அணிகளின் சின்னத்துக்கு உரிமம் இல்லாததால் தொப்பியும் சட்டையும் மொட்டையாக இருக்கும். நட்சத்திரத்தை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், சாதாரண ஆட்டக்காரருக்கு அணியின் சின்னம்தானே அடையாளம்.

இந்தக் காலத்திலும் செட் சேர்ப்பவரை மதிக்கிற இரண்டு உண்டு. ஒன்று டாப்ஸ் ஹெரிடேஜ், 2001 முதல் பழைய வடிவங்களிலேயே புதிய ஆட்டக்காரர்களைப் போடுகிறது. பல வருடங்களில் 500 கார்டில் 401 முதல் 500 வரை ஷார்ட் பிரிண்ட், அதாவது குறைவாக அச்சிட்டவை, அந்த நூறைப் பிடிப்பதுதான் வேலை. கஷ்டம், ஆனால் நேர்மையான கஷ்டம். இன்னொன்று அப்பர் டெக் ஹாக்கி. ஒரு தொடருக்கு 200 சாதாரணக் கார்டு, 50 யங் கன்ஸ் என்னும் புதியவர்கள், நாலு பேக்குக்கு ஒரு யங் கன் என்ற கணக்கு. 2015-16 செட்டின் 201 கானர் மெக்டேவிட், அதைத் தேடிப் போனவர்கள் ஏராளம். ஆனால் அந்த ஐம்பதில் மீதி 49 பேரும் அதே அளவுதான் அச்சானார்கள், அதே அக்கறையோடு படமெடுக்கப்பட்டார்கள். சில ஆட்டங்களோடு காணாமல் போனவருக்கும் மெக்டேவிட்டுக்கும் ஒரே சட்டகம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

மறுபடி 1979-80க்கே வருகிறேன். டாப்ஸா ஓ-பீ-சீயா என்று ஒரே வார்த்தையில் கேட்டால், முடித்துப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு டாப்ஸ், காலம் கையில் இருப்பவருக்கு ஓ-பீ-சீ. நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன், அந்தக் கூடுதல் 132 கார்டுக்காக. கார்டி ஹோவும் இதில் இருக்கிறார், 175ஆம் எண், ஐம்பத்தொரு வயதில் இன்னும் களத்தில். அதே செட்டில் பதினெட்டு வயது கிரெட்ஸ்கி. 396 கார்டுக்கு 44 தாள், இதிலும் ஒரு பை மிச்சம் இல்லை. இன்று வந்த தடுப்பாட்டக்காரரோடு 355 ஆகிவிட்டது. கிரெட்ஸ்கியின் இடம் இரண்டாவது தாளில் கீழ் வரிசையின் வலது மூலை, அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இவரை 30ஆவது தாளில் செருகிவிட்டு, மிச்சம் நாற்பத்தொன்றின் பட்டியலைப் புதிதாக எழுத உட்கார்கிறேன்.